அண்டை நாட்டு அங்காடி

ஓஸ்லோ நகரிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்தால் ஸ்வினெசுண்ட் என்னும் ஒடுங்கிய கடற்கழி குறுக்கிடும். இக்கரை நார்வே, அக்கரை சுவீடன். ஒரே அரசரின்கீழ் இணைந்திருந்த இவ்விரு நாடுகளும் 1905ஆம் ஆண்டு போரின்றிப் பிரிந்தன. அப்பிரிவின் நூற்றாண்டையொட்டி 2005இல் இக்கழியின்மீது புதிய வளைவுப் பாலம் ஒன்று திறக்கப்பெற்றது. அமைதியாகப் பிரிந்ததைப் போற்றும் அப்பாலத்தில் விடுமுறை நாள்களில் விரையும் மகிழுந்துகளைக் காண்பவர்க்கு வரலாறு நினைவுக்கு வருவதில்லை. போகும்போது வெறுமையாகச் செல்லும் அவ்வண்டிகள், திரும்பும்போது இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இனிப்பும் குளிர்பானமும் நிரம்பி வருகின்றன. உலகின் செல்வ நாடுகளுள் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டின் குடிமக்கள், வீட்டுக்கு வேண்டிய உணவுப்பொருளை வாங்க அண்டை நாட்டுக்குப் போகிறார்கள்.

நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்றையும் ஸ்காண்டிநேவிய நாடுகள் என்கிறோம். மொழியால் நெருங்கியவை, மூன்றிலும் முடியாட்சியின் நிழலில் மக்களாட்சி நடைபெறுகிறது, மூன்றும் வரி மிகுந்த நலவாழ்வு அரசுகள். இவற்றுள் எங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்று கேட்போர்க்குப் பயணக் கையேடுகள் உடனே விடை தருகின்றன. நார்வேயும் டென்மார்க்கும் விலை மிகுந்தவை, சுவீடன் சற்று எளியது என்பதே அவ்விடை. பொய்யன்று; ஆயினும் அவ்விடையை மட்டும் கைக்கொண்டு அந்நாடுகளைப் புரிந்துகொள்ள இயலாது. விலை ஏன் அவ்வாறு இருக்கிறது, அதை யார் சுமக்கிறார்கள், அவ்விலைக்குள் எவையெல்லாம் அடங்கியுள்ளன என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

முதலில் வரியைப் பார்ப்போம். மூன்று நாடுகளிலும் மதிப்புக் கூட்டு வரியின் பொது அளவு 25 விழுக்காடு. டென்மார்க் உணவுக்கும் அதே 25 விழுக்காட்டை வாங்குகிறது. நார்வே உணவுக்கு 15 விழுக்காடு வாங்குகிறது; சுவீடனிலோ நெடுங்காலம் அது 12 விழுக்காடாக இருந்தது. இவ்வரிசைப்படி டென்மார்க்கில்தான் உணவு மிக உயர்ந்த விலைக்கு விற்க வேண்டும். நடப்பிலோ நார்வே நாட்டவர்தாம் எல்லை கடக்கிறார்கள். ஆகவே, காரணம் வரியில் மட்டும் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

டென்மார்க் சமவெளி, அதன் பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வேளாண் நிலம். நார்வேயில் பயிரிடத்தக்க நிலம் சுமார் மூன்று விழுக்காடுதான். மீதியெல்லாம் மலை, காடு, பனி, கடல் குடைந்த பள்ளத்தாக்கு. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் செம்மறியாடு வளர்க்கும் சிறு குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் விற்கும் இறைச்சி, டென்மார்க்கின் பரந்த பண்ணைகளில் விளைவதோடு விலையில் போட்டியிட முடியாது. டென்மார்க் 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. சுவீடன் 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தது. நார்வே மக்களோ 1972, 1994 ஆகிய இரு பொதுவாக்கெடுப்புகளிலும் வேண்டா என்றனர். உழவர்களும் மீனவர்களும் அம்மறுப்பின் முன்னணியில் நின்றார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு என்னும் ஒப்பந்தத்தின் வழியாகச் சந்தையில் இணைந்தபோதும் வேளாண்மைக் கொள்கையை நார்வே தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2013இல் சிலவகைக் கெட்டிப் பாலாடைக்கட்டிகளின்மீது அது விதித்த இறக்குமதி வரி 277 விழுக்காடு! அண்டை நாடுகள் முகம் சுளித்தன, நார்வே அசையவில்லை.

இக்கொள்கையைப் பழித்துப் பேசுவது எளிது. நான் பழிக்கமாட்டேன். எண்ணெய் வளத்தால் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு உணவு முழுவதையும் வெளியிலிருந்து வாங்கிவிடலாம் என்று எண்ணும் நாடு, ஒரு தலைமுறைக்குள் தன் சிற்றூர்களை இழந்துவிடும். கடலோரப் பள்ளத்தாக்கில் பத்து மாடுகளோடு ஒரு குடும்பம் தங்கியிருப்பதற்கு ஓஸ்லோ நகரத்தவர் கூடுதல் விலை தருகிறார்கள் என்றால், அது வீண் செலவன்று. பூட்டப்பட்ட பள்ளியை மீண்டும் திறப்பதைக் காட்டிலும் அது குறைந்த செலவு.

ஆனால், அச்சுமை சமமாக விழுகிறதா? இங்கேதான் என் தயக்கம் தொடங்குகிறது. எல்லைக்கு அருகில் வாழ்ந்து, மகிழுந்தும் வைத்திருப்பவர் சுவீடனுக்குச் சென்று தலைக்குப் பத்துக் கிலோ என்னும் வரம்புக்குட்பட்டு இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வாங்கித் திரும்பலாம். மேற்குக் கடற்கரையில் உள்ள பெர்கன் நகரத்துத் தனித்தாய் எங்கே போவார்? அவர் முழு விலையையும் கொடுக்கிறார். உழவரைக் காக்கும் பொறுப்பில் மிகுதியான பங்கு, தப்பிச் செல்ல வழியில்லாதவர் தோளில் ஏறிவிடுகிறது. எல்லை கடந்து வாங்குவோரை நார்வேயில் ‘ஹாரி’ என்னும் சொல்லால் எள்ளுவர். நாகரிகமற்றவர் என்பது அதன் பொருள். 2002இல் அப்போதைய வேளாண் அமைச்சரே இவ்வணிகத்தை அச்சொல்லால் சுட்டினார். விலையை உயர்த்திவைத்திருக்கும் அரசே, விலைக்கு அஞ்சி ஓடுபவரை நகைப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று எல்லைகளை மூடியது. சுவீடன் பக்கத்து அங்காடிகள் ஆளரவமற்றுப் போயின. நார்வேக் கடைகளில் விற்பனை கூடியது. எத்தனை பணம் ஆண்டுதோறும் எல்லை தாண்டுகிறது என்பதை நாடே கண்ணாரக் கண்டது. அடுத்த ஆண்டே, 1922 முதல் நடப்பிலிருந்த இனிப்பு மீதான வரி நீக்கப்பட்டது; குளிர்பான வரியும் அவ்வாண்டின் நடுவில் நீங்கியது. சர்க்கரையைக் குறைத்துண்ண வேண்டும் என்று உலகமே பேசும் காலத்தில், அதன்மீதான வரியை ஒரு நலவாழ்வு அரசு கைவிட்டது. அண்டை நாட்டு விலை அதற்கு ஒரு பெருங்காரணம். தன் நாட்டு வரியைத் தானே முடிவு செய்யும் உரிமை ஏட்டளவில் ஓர் அரசுக்கு முழுமையாக உண்டு. பாலத்துக்கு அப்பால் மலிவான அங்காடி இருக்கும்வரை அவ்வுரிமை பாதிதான். பாலாடைக்கட்டி வரியைக் காத்து, சர்க்கரை வரியை விட்டுக்கொடுத்தது தவறான தேர்வு என்பேன்.

நார்வேயர் சுவீடனுக்குப் போகிறார்கள் என்றால் சுவீடன் நாட்டவர் சும்மா இருக்கிறார்களா? ஹெல்சிங்போர்க் துறையில் படகேறினால் இருபது நிமிடத்தில் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர். சுவீடனில் மதுவை அரசு நிறுவனமே விற்கிறது; வரியும் மிகுதி. அதனால் பலர் நெடுங்காலமாக அக்கரையை நாடினர். டென்மார்க் நாட்டவரோ தெற்கே செருமனிக்குப் போகிறார்கள். ஒவ்வொருவரும் தம் தெற்கத்தியரைப் பார்த்து அங்கே எல்லாம் மலிவு என்கிறார்கள்.

பொருளுக்காகச் செல்வது ஒருவகை. வாழ்க்கையையே எல்லைக்கு அப்பால் மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் இணைப்பு 2000ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் பாலம், பின்னர் மனிதர் உருவாக்கிய தீவு ஒன்று, அதன்பின் கடலடிச் சுரங்கம் என மொத்தம் 16 கிலோமீட்டர். தொடர்வண்டியில் நாற்பது நிமிடத்துக்குள் கடக்கலாம். கோபன்ஹேகனில் ஊதியம் மிகுதி. மால்மோவில் வீடு மலிவு. டென்மார்க்கில் மகிழுந்துப் பதிவு வரி ஒரு காலத்தில் வண்டி விலையில் 180 விழுக்காடு வரை எட்டியது. சுவீடனில் அத்தகைய வரி இல்லை. கணக்குத் தெரிந்த டென்மார்க் குடும்பங்கள் மால்மோவில் குடியேறிக் காலையில் பாலம் கடந்து வேலைக்குச் சென்றன. பின்னாளில் சுவீடன் நாட்டவரும் உயர்ந்த ஊதியம் நாடி அதே வழியில் பயணம் செய்யலாயினர்.

இரு நாடுகளும் சரிபாதி உரிமை கொண்ட அவ்விணைப்பின் கட்டுமானக் கடனை வரிப்பணம் அடைப்பதில்லை. கடப்பவர் செலுத்தும் கட்டணமே அடைக்கிறது. எப்போதாவது மகிழுந்தில் செல்லும் வெளிநாட்டுப் பயணிக்கு அக்கட்டணம் திகைப்பூட்டும். அடிக்கடி கடப்போர்க்குச் சலுகை உண்டு. அன்றாடம் செல்வோர் வேறொரு விலையையும் ஒருமுறை செலுத்த நேர்ந்தது. 1950களிலேயே வடக்கு நாடுகளின் குடிமக்கள் தமக்குள் கடவுச்சீட்டின்றிச் சென்றுவரும் உரிமை பெற்றிருந்தனர். அகதிகள் பெருமளவில் வந்த சூழலில், 2016 சனவரியில் சுவீடன் இவ்வழியில் அடையாள ஆவணச் சோதனையைக் கொண்டுவந்தது. பயண நேரம் நீண்டது. வண்டிகளில் நெரிசல் மிகுந்தது. வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்தவர்கள் அதைத் தம் நேரத்தில் இழந்தார்கள். இரு நாட்டு விலை வேறுபாட்டை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்பவர், இரு அரசுகளின் மனநிலையையும் நம்பி வாழ வேண்டியிருக்கிறது.

நாணயத்தின் கதை இன்னும் சுவையானது. 1873இல் டென்மார்க்கும் சுவீடனும் பொன்னை அடிப்படையாகக் கொண்டு பொது நாணய ஒன்றியம் அமைத்தன. நார்வே 1875இல் சேர்ந்தது. மூன்று நாட்டுக் குரோனும் சம மதிப்புடன் எங்கும் செல்லுபடியாயிற்று. முதல் உலகப்போர் அவ்வேற்பாட்டைக் குலைத்தது. இன்று பெயர் மட்டும் ஒன்று, மதிப்பு வேறு. டென்மார்க் தன் குரோனை யூரோவோடு பிணைத்துள்ளது. மற்ற இரண்டும் சந்தைக்கேற்ப ஏறி இறங்குகின்றன. எண்ணெய் விலை உயர்ந்திருந்த காலத்தில் நார்வேக் குரோன் வலுத்து நின்றது. சுவீடன் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஓஸ்லோவின் உணவகங்களிலும் கடைகளிலும் வேலைக்கு வந்தார்கள். 2014இல் எண்ணெய் விலை சரிந்தபின் குரோனும் தளர்ந்தது. வந்தவர்களுள் பலர் திரும்பினர். ஆகவே, சென்ற ஆண்டின் விலை ஒப்பீடு இவ்வாண்டுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. நாணய மாற்று மதிப்பை மட்டும் கொண்டு அளக்காமல், பணம் எவ்வளவு பொருளை வாங்குகிறது என்று அளக்க வேண்டும் என்னும் கருத்துக்கு ‘வாங்கும் ஆற்றல் சமநிலை’ என்னும் பெயரை 1918இல் சூட்டியவர் குஸ்தாவ் காசெல் என்னும் சுவீடன் நாட்டுப் பொருளியலறிஞரே.

பயணிக்கு இக்கணக்கு வேறு வடிவம் கொள்ளும். நார்வேயில் விடுதி அறையும் உணவக உணவும் கையைக் கடிக்கும். ஆயினும் அந்நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடக்கவும் கூடாரமிட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. அருகிலுள்ள வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு இரவுகள்வரை ஒரு காசும் கொடாமல் தங்கலாம். சுவீடனிலும் இயற்கையைத் துய்க்கும் பொதுவுரிமை அரசமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. நிலமெல்லாம் வயலாகிவிட்ட டென்மார்க்கில் அவ்வுரிமை மிகவும் சுருங்கியது. ஆனால், மேடு பள்ளமற்ற அந்நாட்டை மிதிவண்டியிலேயே சுற்றிவிடலாம். நார்வேயிலோ தொலைவே ஒரு செலவு. ஓஸ்லோவிலிருந்து அதே நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள கிர்க்கெனெசுக்குச் சாலைவழி செல்வோர், சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் ஊடே போனால்தான் விரைவாகச் சேர முடியும்.

இனி, விலைக்குள் அடங்கியவை. சுவீடனில் கட்டாயக் கல்வி பயிலும் மாணவர் அனைவர்க்கும் பள்ளியிலேயே மதிய உணவு விலையின்றி வழங்க வேண்டும் என்பது சட்டம். நார்வேயிலும் டென்மார்க்கிலும் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளை உணவு குடும்பச் செலவை எவ்வளவு மாற்றும் என்பதைத் தமிழ்நாட்டு மாணவர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. டென்மார்க்கில் குடும்ப மருத்துவரைக் காணக் கட்டணமில்லை. மற்ற இரண்டிலும் சிறு கட்டணமும் அதற்கு ஓர் ஆண்டு உச்சவரம்பும் உண்டு. ஸ்டாக்ஹோமில் ஒழுங்குபடுத்தப்பட்ட வாடகை வீடுகள் மலிவு. ஆனால் அதற்கான பதிவு வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இயலாதவர் இரண்டாம் கை வாடகைக்கு மிகுதியாகக் கொடுக்கிறார். புள்ளிவிவர அட்டவணையில் வாடகைத் தொகைதான் தெரியும். வரிசையில் கழிந்த இளமை தெரியாது.

ஓஸ்லோவிலோ கோபன்ஹேகனிலோ ஒரு கோப்பைக் காபியின் விலையை நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைப்பவர் பலர். மூன்று நாடுகளிலும் எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் சட்டம் இல்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் பேசி முடிவு செய்யும் ஒப்பந்தங்களே ஊதியத்தை வரையறுக்கின்றன. காபியின் விலையில் பெரும்பகுதி கொட்டைக்கோ பாலுக்கோ போவதில்லை. அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர் அதே நகரத்தில் வாடகை கொடுத்து வாழ்வதற்குப் போகிறது. பயணக் கையேடுகள் காபியின் விலையை அச்சிடும் பக்கத்திலேயே, அவரது ஒரு மணி நேர ஊதியத்தையும் அச்சிடலாம்.