பிளாட்டினம் பிரிண்ட் என்றால் பழுப்பு நிறம்தானா?

பிளாட்டினம், பலேடியம் பிரிண்ட் என்று சொன்னதுமே பலருக்கும் நினைவுக்கு வருவது பழுப்பு நிறப் படம்தான். தாத்தா காலத்து ஆல்பத்திலிருந்து உருவி எடுத்த மாதிரி! இன்று கையால் தாளில் ரசாயனம் பூசி அச்சிடுகிறவர்களிலும் நிறைய பேர் அந்தப் பழுப்பைத்தான் விரும்புகிறார்கள். கேட்டால் 'பழமையின் அழகு' என்பார்கள். சரி, பழமை என்றால் எந்தப் பழமை?

இங்கிலாந்தில் வில்லியம் வில்லிஸ் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1873ல். பிளாட்டினத்தின் இயல்பான நிறம் கறுப்பும் சாம்பலும்தான். செபியா வேண்டும் என்றால் அதற்கென்று பாதரச உப்பு சேர்க்க வேண்டியிருந்தது. ஃபிரடெரிக் எவன்ஸ் 1903ல் வெல்ஸ் தேவாலயத்தின் படிக்கட்டுகளை எடுத்த படம் இந்த வகைதான். கல் கல்லாகவே தெரிகிறது. பிறகு முதல் உலகப்போர் வந்தது. வெடிமருந்துக்கான நைட்ரிக் அமிலம் தயாரிக்க பிளாட்டினம் தேவைப்பட்டது. விலை எகிறியது. கோடாக் 1916ல் பிளாட்டினத் தாளையே நிறுத்திவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்த மாற்று உலோகம்தான் பலேடியம். ஆக, இன்று 'பாரம்பரியம்' என்று கொண்டாடப்படும் பழுப்பில் ஒரு பங்கு போர்க்காலத் தட்டுப்பாட்டின் கைங்கரியம்!

நிறம் சின்ன விஷயம் இல்லை. பனி, எஃகு, மழையில் நனைந்த கருங்கல் சுவர்... இவற்றைப் பழுப்பில் அச்சிட்டால் எல்லாமே இனிமையான ஞாபகம் ஆகிவிடுகிறது. படத்தில் இல்லாத கனிவை ரசாயனம் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்காகப் பழுப்பே கூடாது என்பதில்லை. ஸ்டீக்லிட்ஸ் தன் மனைவி ஓகீஃபை எடுத்த படங்களில் பலவற்றை பலேடியத்தில் அச்சிட்டார். மனிதத் தோலுக்கு அந்தச் சூடு பொருந்துகிறது. எல்லாப் படத்துக்கும் அதையே பூசுவதுதான் பிரச்சனை.

குளிர்ந்த டோனுக்கு பிளாட்டினத்தைக் கூட்டுவதுதான் ஒரே வழி என்று நினைப்பவர்கள் உண்டு. அது காசுள்ளவர்கள் வழி. 2017ல் பலேடியம் விலையே பிளாட்டினத்தைத் தாண்டிப் போனது, மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அதுவும் போயிற்று! இரண்டு உலோகமும் தாளில் மிக நுண்ணிய துகள்களாகத்தான் படிகின்றன. துகள் மிகச் சிறியதாக இருந்தால் பழுப்பு, கொஞ்சம் பெரிதானால் கறுப்பு. எனவே துகள் எப்படி உருவாகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டெவலப்பர். பொட்டாசியம் ஆக்சலேட்டைச் சூடாக்கி ஊற்றினால் படம் சூடான நிறத்தில் வரும். அறை வெப்பத்தில் ஊற்றினால் நிறம் குளிரும், ஆனால் வெளிச்சம் காட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அம்மோனியம் சிட்ரேட் பயன்படுத்தினால் இன்னும் குளிர்ச்சி. அடுத்தது ஈரப்பதம். மைக் வேரும் பிரதீப் மால்டேயும் உருவாக்கிய முறையில், பூசிய தாள் எந்த அளவு ஈரத்தை வாங்கியிருக்கிறது என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. காய்ந்த தாளில் செபியா, ஈரம் ஏறிய தாளில் நடுநிலைக் கறுப்பு. உலோகம் அதேதான், செலவும் அதேதான்! கடைசியாகத் தங்கம். கோல்டு குளோரைடில் டோன் செய்தால் பலேடியம் நீலம் கலந்த கறுப்புப் பக்கம் நகரும். கொஞ்சம் மிஞ்சினால் ஊதா. அளவு தெரியாமல் கை வைப்பவர்கள் பழுப்பிலிருந்து தப்பி ஊதாவில் போய் விழுகிறார்கள்.

இதையெல்லாம் செய்தும் வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகத் தெரிந்தால் பலேடியத்தைத் திட்டிப் பயனில்லை. அது பெரும்பாலும் சரியாகக் கழுவப்படாத இரும்பு உப்பு. ஈடிடிஏ கரைசலில் பொறுமையாக, கரைசலை மாற்றி மாற்றி ஊறவைத்தால் போய்விடும். அவசரமாகக் கழுவி எடுத்துவிட்டு அந்த மஞ்சளையும் 'பழமையின் அழகு' கணக்கில் சேர்ப்பதுதான் வேடிக்கை. பல நூறு ஆண்டு நிற்கும் என்று சொல்லி விற்கிற படத்தில் அழுக்கையும் சேர்த்தே விற்கிறார்கள்.

குளிர்ந்த கறுப்புதான் வேண்டும் என்றால் வெள்ளி ஜெலட்டின் தாள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதில் படம் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும். இதில் உலோகம் தாளின் நார்களிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த மினுமினுப்பு இல்லாத, மென்மையான, நீண்ட சாம்பல் வரிசைக்காகத்தானே இவ்வளவு மெனக்கெடுவது? பழுப்பை ஏற்றுக்கொண்டால்தான் அது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எவன்ஸின் படிக்கட்டை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.