அடைத்து வைக்கச் சட்டம் உண்டு, கூலிக்கு?

தோழர்களே, நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது, பலரைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறக்கி அடைத்து வைத்தார்கள். அம்மையும் காலராவும் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாதாம். அந்த நாளுக்குக் கூலி கேட்க அன்று வாய் ஏது? 2020-லும் அதே கதைதான்.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதாவது 342, நல்ல சட்டந்தான். மறுக்கவில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது அதை வைத்துத்தான். நோயாளியோடு பழகியவரைத் தனிமைப்படுத்தச் சுகாதார அதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. 2020-ல் மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம் விதித்தார்கள். 2021 மார்ச்சில் அவசரச் சட்டம் போட்டு 10,000 வரை ஏற்றினார்கள். ஆனால் உள்ளே கிடப்பவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

கிளேபாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. தோட்டத்தில் பிறந்தவன், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் போனபின் ஒரு தொழிற்சாலையில் குத்தகையாளரிடம் நாள் கூலி. 14 நாள் வீட்டிலிரு என்று கடிதம், கையில் வளையம். மாதக் கடைசியில் 14 நாள் சம்பளம் வெட்டு. கேட்டதற்கு, "நாங்களா உன்னை அடைச்சி வச்சோம்? கவர்மெண்டுகிட்ட போய்க் கேளு" என்றார்களாம்.

"இனிமே காய்ச்சல் வந்தா வாயத் தொறக்க மாட்டேண்ணே. பெனடோல் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவேன்" என்றான். திட்டினேன். ராத்திரி யோசித்துப் பார்த்தால் சட்டத்தின் ஓட்டையே அங்கேதான் இருக்கிறது. கூலி போகுமென்றால் நோயை மறைப்பான். மறைத்தால் லயம் முழுக்கப் பரவும்.

மனிதவள அமைச்சு சம்பளம் கொடுக்கச் சொல்லி வழிகாட்டி விட்டது உண்மை. வழிகாட்டி சட்டமாகுமா?

குடியிருப்பைப் பாருங்கள். தோட்ட, சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்கு 1990-லேயே 446-ஆம் சட்டம் வந்துவிட்டது. மற்றத் துறைகளின் விடுதிகளைச் சேர்த்த திருத்தம் நடப்புக்கு வந்தது 2020 ஜூன் 1-ல், கோவிட் உள்ளே நுழைந்த பிறகு! அந்த ஆண்டுக் கடைசியில் கிள்ளான் கையுறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நோயில் விழுந்தார்கள். 2021 பிப்ரவரியில்தான், நெரிசல் விடுதியிலிருந்து ஆட்களை மாற்ற உத்தரவிடும் அதிகாரம் லேபர் இலாகாவுக்குக் கிடைத்தது, அதுவும் அவசரச் சட்டத்தால்.

ஆக, மனம் வைத்தால் முதலாளியையும் கட்டிப்போடச் சட்டத்துக்குத் தெரிகிறது. 342-லும் ஒரு வரி சேரட்டும்: அதிகாரி அடைத்து வைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் முழுக் கூலி, நாள் கூலிக்காரருக்கும் குத்தகையாளரிடம் இருப்பவருக்கும். கொடுப்பது முதலாளியா சொக்சோவா என்பதைப் பேசித் தீர்க்கலாம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். பழைய தனிமைப்படுத்தல் கடிதமும் சம்பளச் சீட்டும் வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.