கூப்பிட்ட குரலுக்கு

மூலக்குளத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா இருக்கிறாள். எண்பது வயதைத் தொட்டவள். தனிக்கட்டை. 2024-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, வழக்கம்போல் எட்டிப் பார்க்கப் போனேன். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே யாருடனோ பேசுகிற குரல் கேட்டது. அதுவும் பிரெஞ்சு பாஷையில்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனியாக இருந்து இருந்து அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டே நுழைந்தேன். கூடத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை.

"யாரோடு அக்கா பேச்சு?"

"எல்லாம் உன் மருமகன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஆளோடுதான்" என்று அலமாரியைக் காட்டினாள். அங்கே தேங்காய் மூடி அளவில், துணி போர்த்திய ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு விளக்கு மினுக்கென்று அணைந்தது.

விஷயம் இதுதான். அக்காவுக்குக் கண்ணில் நீர் அழுத்த வியாதி. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெலிவிஷன் வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது. பத்திரிகையில் ஓர் எழுத்தும் பிடிபடுவதில்லை. தினம் காலையில் நான் போய்ச் செய்தித்தாளையும், வாரத்துக்கு ஒரு முறை தொடர்கதையையும் வாசித்துக் காட்டுவது வழக்கம். பாரிஸில் வேலை பார்க்கும் அவள் பிள்ளை லீவில் வந்தபோது இதைப் பார்த்தான். "மாமாவை ஏன் தினம் சிரமப்படுத்த வேண்டும்?" என்று சொல்லி, பேச்சைக் கேட்டு நடக்கிற ஒலிப்பெட்டிகள் மூன்று வாங்கி, கூடத்தில் ஒன்றும் சமையலறையில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக வைத்துவிட்டான்.

இந்த ஜாதிப் பெட்டிகள் இந்தியாவுக்கு வந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. அமேசான் கம்பெனியின் 'எக்கோ' 2017-இலும், கூகிள் கம்பெனியின் 'ஹோம்' 2018-இலும் வந்தன. முதலில் இங்கிலீஷ் பேசின. பிறகு இந்தியும் கற்றுக்கொண்டன. அக்கா வீட்டுக்கு வந்த பெட்டிக்கோ தமிழ் தெரியாது. அக்காவுக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தியும் தெரியாது. என்ன செய்வது?

அக்கா பிறந்தது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி கைமாறியபோது அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. அதன் பிறகும் சில வருஷம் அங்கேயே படித்தாள். எத்தனையோ வருஷமாகப் பரணில் கிடந்த அந்தப் பாஷையைத் தூசி தட்டி எடுத்தான் பிள்ளை. பெட்டிகளுக்குப் பிரெஞ்சைப் பாஷையாக வைத்தான். இன்னின்ன வார்த்தை சொன்னால் இன்னின்ன காரியம் செய் என்று அவற்றுக்கு முன்கூட்டியே கட்டளை போட்டு வைக்கலாமாம். ஆகவே அக்கா பெட்டியின் பெயரைச் சொல்லி "போன்ஜூர்" என்றால், மூன்று அறைகளிலும் சுப்ரபாதம் கிளம்பும். "போன் நுயி" என்றால் எல்லாம் ஓய்ந்துவிடும்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. ஆட்சி போய் எத்தனையோ காலம் ஆன பாஷை வீட்டுக்குள் செல்லுபடியாகிறது. பெற்ற தாயின் பாஷைக்கு அலமாரியில் பதில் இல்லை. கைபேசியில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிற யந்திரங்கள் வந்துவிட்டன. ஆகவே பெட்டி வாங்க நினைப்பவர்கள், அது எந்தெந்தப் பாஷை அறியும் என்பதைக் கடையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. எல்லாருக்கும் என் அக்காவைப் போல் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் வாய்த்திருக்காது அல்லவா?

மூன்று அறையிலும் ஒரே பாட்டு எப்படி ஒரே சமயத்தில் கேட்கிறது என்பதையும் மருமகன் விளக்கினான். 'புளூடூத்' என்று ஒன்று உண்டு. அது கைபேசிக்கும் பெட்டிக்கும் நேரடிப் பந்தம்; சுமார் பத்து மீட்டர் தூரத்துக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். 'வைஃபை' என்பது வேறு. வீட்டிலுள்ள ஒரு சிறு நிலையத்திலிருந்து எல்லாப் பெட்டிகளும் பாட்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிய பாட்டைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்து, ஒன்றோடொன்று கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, சேர்ந்து ஆரம்பிக்கும். அப்படிச் சேராவிட்டால் ஒரு வரியே கூடத்தில் முந்தியும் சமையலறையில் பிந்தியும் கேட்டு, காதுக்குள் இரட்டைக் குரலாக இம்சை செய்யும்.

"அப்படியானால் அந்த நிலையத்தை வீட்டுக்கு நடுவில் வை. நம் வீட்டுச் சுவர் பழைய காலத்துச் சுவர்" என்றேன். வைத்தான். சமையலறைப் பெட்டியை மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். மிக்ஸி ஓடும்போது அக்கா கத்தினாலும் அதற்குக் கேட்கவில்லை. அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அடுப்பின் ஆவியும் படாமல் போயிற்று.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். "இது எப்போதும் காது கொடுத்துக்கொண்டேயா இருக்கும்? பக்கத்து வீட்டுக்காரி வந்து நாலு சமாசாரம் பேசுவாளே!"

நியாயமான கேள்விதான். பெட்டி தன் பெயருக்காகக் காத்திருக்கிறது. பெயர் காதில் விழுந்ததும், அதன் பின் வருகிற பேச்சைக் கம்பெனியின் கணினிக்கு அனுப்பி அர்த்தம் தெரிந்துகொள்கிறது. சில சமயம் பெயரைப் போல ஒலிக்கிற வேறு வார்த்தையைக் கேட்டும் விழித்துக்கொள்வது உண்டு. அதற்காகவே ஒலிவாங்கியை நிறுத்த ஒரு பொத்தானோ விசையோ வைத்திருக்கிறார்கள். பதிவான பேச்சைக் கைபேசியிலிருந்தே அழித்துவிடவும் முடியும். "பக்கத்து வீட்டுக்காரி வந்தால் இதை அமுக்கிவிடு" என்று அக்காவின் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு ஒரே குஷி. மணி கேட்பாள், மழை வருமா என்று கேட்பாள். பாரிஸிலிருந்து பிள்ளை பேசினால் அவன் குரல் கூடத்திலேயே கணீரென்று கேட்கும்.

எங்கள் அப்பா காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் ரேடியோ இருக்கும். திருச்சியும் சென்னையும் கொழும்பும் மாறி மாறிப் பேசும். 1967-இல் புதுவைக்கே ஒரு வானொலி நிலையம் வந்தபோது தெருவே எங்கள் திண்ணையில் கூடிவிட்டது. அதற்கும் முன்னால், 1930-இல் சென்னை நகரசபை ஒலிபரப்பு ஆரம்பித்தபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். கடற்கரையிலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து கூடத்துக்கும் வந்த குரல், இப்போது அறைக்கு அறை வந்துவிட்டது. கூடிக் கேட்கிற ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

குறைந்தவர்களில் நானும் ஒருவன். அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

'பெட்டி இருக்கிறதே, செய்தி சொல்கிறதே' என்று நான் போவதைக் குறைத்தேன். தினம் என்பது வாரத்துக்கு இரண்டாயிற்று. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. தொடர்கதை பாதியில் நின்றது. அக்கா ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் பக்கம் மின்சாரம் நின்றது, கைபேசியும் ஓய்ந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கால் அளவுத் தண்ணீரில் துழாவிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர்.

"விடிந்ததிலிருந்து 'போன்ஜூர், போன்ஜூர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், தம்பி. ஒருத்தரும் பதில் பேசவில்லை. இதையாவது திருகலாம் என்று எடுத்தேன், இதுவும் பேசவில்லை."

மின்சாரம் இல்லாவிட்டால் பெட்டி இல்லை; இணையம் இல்லாவிட்டால், மின்சாரம் இருந்தும் பெட்டியால் செய்தி சொல்ல முடியாது. டிரான்சிஸ்டருக்கு இரண்டும் வேண்டியதில்லை. இரண்டு செல் போதும். பெட்டிகள் வந்த பிறகு அந்தச் செல்லை மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? பழைய செல் உள்ளேயே பொங்கிக் கிடந்தது. துடைத்துவிட்டு, என் டார்ச் விளக்கிலிருந்து இரண்டு செல்லை எடுத்துப் போட்டேன். கரகரவென்று ஒரு குரல் வந்தது. புயல் செய்தி. தமிழில்.

அக்கா பெருமூச்சு விட்டாள். செய்தி முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா தம்பி, அந்தத் தொடர்கதையில் வீட்டை விட்டுப் போனாளே அந்தப் பெண், அவள் திரும்பி வந்தாளா?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. அலமாரியைத் துழாவி, பிரிக்காமலே கிடந்த ஏழு வாரத்துப் பத்திரிகைகளை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை வாசித்தேன்.

பெட்டிகள் இன்றும் அக்கா வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. பார்வை இல்லாதவளுக்கு மணி சொல்வதும் பாட்டுப் பாடுவதும் சாமானிய உபகாரமா? இணைய நிலையத்துக்கு ஒரு சிறு பாட்டரி வாங்கிப் பொருத்தினேன். மாதம் பிறந்தால் டிரான்சிஸ்டருக்குச் செல் பார்க்கிறேன். ஆம்புலன்ஸ் கூப்பிடப் பெட்டியை நம்பாதே என்று சொல்லி, பொத்தான் பெரிதாக உள்ள கைபேசி ஒன்றை அவள் இடுப்பிலேயே இருக்கும்படி செய்து, 108-ஐ விரலால் தடவிப் போடப் பழக்கியிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு நானும் போய்விடுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து, "போன்ஜூர், தம்பி!" என்று குரல் வரும்.

பெட்டியின் பெயரைச் சொல்லாததால் அது சும்மா இருக்கிறது. நான்தான் பதில் சொல்கிறேன்.