இட்டேரியும் மலைமிதிவண்டியும்

திருப்பூர் வட்டாரத்தில் மிதிவண்டி நெடுங்காலமாகப் பிழைப்பின் துணையாக விளங்கி வந்துள்ளது. மோட்டார் வண்டியும் கம்பெனி வேனும் பெருகிவிட்ட இந்நாளிலும், முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு மிதிவண்டியில் செல்வோரைக் காண்கிறோம். மிதிவண்டி நமக்குப் பழையது. மலைமிதிவண்டி ஓட்டம் என்னும் விளையாட்டே புதியது.

1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில் இளைஞர் சிலர், தடித்த சக்கரமுடைய பழைய மிதிவண்டிகளைச் செப்பனிட்டு, மலைச்சரிவின் மண்பாதையில் போட்டியிட்டு இறங்கினர். இருபதே ஆண்டுகளில், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு இடம்பெற்றது. இன்று இமாசலப் பிரதேசம் போன்ற நம் நாட்டு மலைப்பகுதிகளிலும் இத்தகைய போட்டிகள் நடைபெறுகின்றன. உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்குத் துணிவும் தரும் விளையாட்டை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ஓடுவதற்குப் பாதை வேண்டுமன்றோ? அப்பாதை யாருக்கு உரியது?

இவ்வினாவை மேலைநாடுகள் முன்னரே சந்தித்துவிட்டன. விளையாட்டு பிறந்த அதே மரின் மாவட்டத்தில், ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் மிதிவண்டிக்குத் தடை வந்தது. இங்கிலாந்திலோ, 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளில் மிதிவண்டி செல்ல உரிமை தந்தது. நடந்து செல்வோருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மிதிவண்டியோட்டி வழிவிட வேண்டும் என்ற கடமையையும் உடன் விதித்தது. உரிமையும் கடமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டமை நாம் கற்கத்தக்க பாடமாகும்.

நமக்கு அண்மையிலுள்ள நீலகிரி இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. சிகூர் பீடபூமியில் யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகளில் தங்கும் விடுதிகள் எழுந்தன, மின்வேலிகள் முளைத்தன. தமிழக அரசு 2010-இல் அவ்விடத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவ்வறிவிப்பை உறுதி செய்தன. இடையே, 2018-இல், வழித்தடத்திலிருந்த விடுதிகளைப் பூட்டி முத்திரையிட உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. விடுதி உரிமையாளர்கள் பத்திரம் காட்டினர். யானையிடம் பத்திரம் ஏது? ஆயினும் அதன் வழி காக்கப்பட வேண்டும் என்பதே தீர்ப்பாயிற்று. அத்தகைய இடத்தில் விடுதியைப் போலவே மிதிவண்டிப் போட்டியும் ஒதுங்கி நிற்பதே முறை. காட்டின் அமைதியைக் குலைத்துப் பெறும் கோப்பையில் பெருமை இல்லை.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். கொங்கு நாட்டில் மலையேறாமலே மண்பாதை உண்டு. இரு தோட்டங்களின் உயிர்வேலிகளுக்கு இடையே செல்லும் இட்டேரியே அது. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் நிற்க, அவற்றின் மேல் பிரண்டையும் கோவையும் படர, மாட்டுவண்டியும் ஆட்டுமந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் சென்ற வழி அது. மழைக்காலத்தில் நீர் வடியும் தடமும் அதுவே. ஓணானும் கீரியும் கௌதாரியும் அங்கே குடியிருந்தன. தோட்டங்கள் மனைப்பிரிவுகளாகவும் மதில் சூழ்ந்த பண்ணை வீடுகளாகவும் மாறுந்தோறும் கிளுவை வெட்டப்படுகிறது, கம்பிவேலி நடப்படுகிறது, இட்டேரியின் வாயில் இரும்புக் கதவு முளைக்கிறது. குறுக்குவழியாகச் சென்றவர்கள் லாரிகள் விரையும் தார்ச்சாலைக்குத் தள்ளப்படுகின்றனர். காலை நேரத்தில் அச்சாலையில் மிதிவண்டி மிதிப்போரின் உயிருக்கு யார் பொறுப்பு?

நிலத்தை விலைகொடுத்து வாங்கியவருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. ஊர் வளர வீடும் வேண்டும், தொழிற்கூடமும் வேண்டும். ஆனால் நிலத்தை வாங்குவது வேறு. அதன் ஓரமாக ஊரார் நடந்த வழியை விழுங்குவது வேறு. பாதைப் புறம்போக்கு எவருடைய பட்டாவுக்கும் உட்பட்டதன்று. தனியார் நிலத்தின் வழியே சென்றாலும், இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையெனக் கருதி வெளிப்படையாகப் பயன்படுத்திய வழிக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் காப்பளிக்கிறது. சட்டம் இருந்தும் வழி மறைவதற்குக் காரணம், கேட்பார் இல்லாமையே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள இட்டேரிகளையும் வண்டிப்பாதைகளையும் புலப்படத்தோடு ஒப்பிட்டு, எல்லைக்கல் நட்டு, பட்டியலிட்டு ஊர்மன்றத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கும்போது, புதிய உள்சாலைகளைத் தானப் பத்திரத்தின் வழி பெறுவதோடு நில்லாமல், பழைய வழி அறுபடாதிருப்பதையும் உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது, மிதிவண்டிப் போட்டி நடத்துவோர் அவ்வழியில் நாள்தோறும் நடப்போரின் இசைவைப் பெற்று, உயிர்வேலியைச் சிதைக்காமல் நடத்த வேண்டும். வேலைக்குச் செல்பவர் முதலில், விளையாடுபவர் அடுத்து.

மாணவச் செல்வங்கள் இதில் முன்னிற்கலாம். விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் சென்று, எந்த இட்டேரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே அடைபட்டது எனப் பெரியோரைக் கேட்டுக் குறித்து வாருங்கள். அதன் பழம்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வழிகளில் வண்டியோட்டிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களது நினைவு ஏட்டில் ஏறிவிட்டால், நாளை ஊராட்சியிலும் நீதிமன்றத்திலும் அதுவே சான்றாக நிற்கும்.