பெயர் ஒருவருடையது, லாபம் வேறொருவருக்கு

கடையே வைக்காதவருக்கு வியாபார வரி கட்டச் சொல்லி நோட்டீசு வருகிறது. அதுவும் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில். கூலி வேலை செய்வோரும் குறைந்த சம்பளக்காரர்களும் இவ்வாறு திகைத்து நிற்கும் செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்துகொண்டிருப்பது கவலைக்குரியது.

வேலை அல்லது கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி பான் கார்டு, ஆதார் நகல்களைச் சிலர் வாங்கிக்கொள்கிறார்கள். அவற்றைக் கொண்டு ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு நிறுவனம் பதிவாகிறது. சரக்கு எதுவும் கைமாறுவதில்லை. பில் மட்டும் கைமாறுகிறது. அந்தப் பில்லைக் காட்டி வேறொருவர் தாம் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்கிறார். பிறகு நிறுவனம் மறைந்துவிடுகிறது. நோட்டீசு மட்டும் பெயருக்குரியவரைத் தேடி வருகிறது.

2023 மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில அதிகாரிகள் நாடெங்கும் நடத்திய சோதனையில், பதிவு பெற்ற 21,791 நிறுவனங்கள் உண்மையில் இல்லை என்று தெரிந்தது. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய்!

சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடக ஜி.எஸ்.டி. சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. பதிவுக்குப் பொய்த் தகவல் தந்தால் அபராதம் உண்டு. ஏய்ப்பு ஐந்து கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பின்னாலிருந்து நடத்தி லாபம் அடைந்தவரிடமே அபராதம் வசூலிக்கவும் பின்னர் வழி செய்யப்பட்டது. விண்ணப்பதாரரின் கைரேகையைச் சரிபார்க்கும் முறையைப் படிப்படியாக நாடெங்கும் கொண்டுவர ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 ஜூன் 22-ல் பரிந்துரைத்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே.

ஆனால் இவை முதலில் காப்பது கஜானாவை. பெயரைப் பறிகொடுத்தவரின் கதி என்ன? ஒருநாள் கூலியை விட்டு, ஆடிட்டரைத் தேடி, புரியாத மொழியில் வந்த நோட்டீசுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய விண்ணப்பத்தை நேரில் விசாரித்து முடிவு செய்ய விதிகள் 30 நாள் அவகாசம் தருகின்றன. ‘இந்த வியாபாரம் என்னுடையதல்ல’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதையும் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அதுவரை அவருடைய வங்கிக் கணக்கில் கை வைக்கக் கூடாது. இதைச் சட்டத்திலேயே சேர்க்கும்படி கர்நாடக அரசு கவுன்சிலில் வற்புறுத்த வேண்டும்.

நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பதிவுக்கான ஓ.டி.பி. எண், பான் கார்டுடன் இணைந்த தொலைபேசிக்கே செல்ல வேண்டும் என்று 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. வேலைக்காக இங்கு வந்தபின் சிம் கார்டை மாற்றியவர்கள் புதிய எண்ணைப் பான், ஆதார் இரண்டிலும் பதிந்துகொள்வது அவசியம். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லலாகாது. ஜெராக்ஸ் நகல் கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால், அதன்பேரில் பதிவான நிறுவனங்கள் தெரியும், கட்டணம் கிடையாது. சில ஆயிரம் ரூபாய்க்காகத் தெரிந்தே பெயரை இரவல் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உதவியல்ல, குற்றத்துக்கு உடந்தை.

பிழைக்க வந்த ஊரில் உழைப்பாளிக்கு நல்ல பெயரே முதல். அதைக் காக்க அரசு தாமதமின்றி ஆவன செய்ய வேண்டும்.