இனிஷியல் இல்லாமல் கூப்பிட்டால் எப்படி எழுந்திருப்பான்?



இது கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். அத்தை, சித்தப்பா வகையறா பாதியில் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். நடுவில் ஒரு வகுப்பறை வருகிறது, அதுவரையாவது இருங்கள்.

எக்ஸ்எம்எல் கோப்பை எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் வைத்து வலைப்பக்கமாக மாற்றும் வேலையில் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், எரர் எதுவும் இல்லை. ஆனா பக்கத்துல ஒண்ணுமே வரலை."

எரர் வராததுதான் இங்கே தொல்லையே. 1999-ல் வந்த இந்த மொழியின் முதல் பதிப்பிலேயே அப்படித்தான் வைத்துவிட்டார்கள். நீங்கள் தேடிய பெயர் கோப்பில் இல்லையென்றால் அது குற்றம் அல்ல, வெறும் 'பூஜ்ஜியம் கிடைத்தது' என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். என்னைக் கேட்டால் இது மோசமான ஏற்பாடு. ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து சரியான கோடை மாற்றி மாற்றிக் கெடுக்கிறவர்களைப் பார்க்கிறேன்.

பக்கத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். தலைப்பும் கட்டங்களும் வந்து உள்ளே காலியாக இருந்தால், வேர் டெம்ப்ளேட் வேலை செய்கிறது, உள்ளே எடுக்கச் சொன்ன பெயர்கள் கிடைக்கவில்லை. கோப்பின் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால், உங்கள் டெம்ப்ளேட் எதுவுமே பொருந்தவில்லை. அப்போது மொழியே தன் சொந்த விதிப்படி எழுத்தை மட்டும் கொட்டிவிடுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய்தான். குரோமில் கோப்பை நேராக டிஸ்கிலிருந்து திறந்து வெறும் வெள்ளையாக வந்தால் அது வேறு கதை: பாதுகாப்புக்காக ஸ்டைல்ஷீட்டையே அது எடுக்காது. பைத்தானில் ஒரு வரியில் சின்ன சர்வர் ஓட்டி அதன் வழியாகத் திறங்கள்.

அந்த ஒரே நோய்க்குப் பெயர் நேம்ஸ்பேஸ். வருகைப் பதிவேட்டின் தலையில் 'இந்தப் பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் இனிஷியல் க' என்று ஒரு முறை எழுதிவிட்டு, கீழே வெறும் பெயர்களாக எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் தலைவரியைப் பார்க்காமல் "முருகன்" என்று கூப்பிடுகிறார். நம் பையன் என்றால் "உள்ளேன் ஐயா" என்று எழுந்துவிடுவான். கம்ப்யூட்டரில் இருப்பவன் க. முருகன். வெறும் முருகனைக் கூப்பிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான்.

ஆர்எஸ்எஸ் 2.0 கோப்பின் சொந்த உறுப்புகளுக்கு இனிஷியல் கிடையாது. ஆட்டம் கோப்பில் எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால்தான் ஆர்எஸ்எஸ்ஸுக்கு எழுதிய ஸ்டைல்ஷீட்டில் பெயர்களை மட்டும் மாற்றி ஆட்டத்துக்குப் போட்டால் மௌனம் சாதிக்கிறது. ஸ்டைல்ஷீட்டின் தலையிலும் அதே நேம்ஸ்பேஸை முன்னொட்டு இல்லாமல் எழுதிவிட்டுச் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. பிரவுசரில் ஓடும் 1.0-ல், முன்னொட்டு இல்லாமல் தேடினால் இனிஷியல் இல்லாத ஆளைத்தான் தேடும். முன்னொட்டு ஒன்றை அறிவித்து, தேடும் ஒவ்வொரு பெயருக்கும் அதைப் போடத்தான் வேண்டும். (முன்னொட்டைத் தமிழிலேயே 'ஆ' என்று வைக்கலாம், எக்ஸ்எம்எல் தாராளமாக ஏற்கும்.)

இதற்குப் பதிலாக எல்லோரும் ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று இருக்கிறது: இனிஷியல் எதுவானாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் பொருந்தினால் போதும் என்று எழுதுவது. வேலை செய்கிறதே சார் என்பார்கள். யூடியூப் சேனலின் ஆட்டம் ஃபீடில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆட்டத்தின் தலைப்பு ஒன்று, மீடியா நேம்ஸ்பேஸின் தலைப்பு ஒன்று. பட்டியலில் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும். பிறகு அந்த இரட்டையை நீக்க இன்னொரு பிளாஸ்திரி. வகுப்பில் இரண்டு முருகன் இருப்பதால்தானே இனிஷியல் வைத்தோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரவுசரிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை எடுத்துவிடப் போவதாக 2025-ல் குரோம் குழு அறிவித்தது. பழைய சி நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் என்பது காரணம். அதற்காகப் பயந்து எக்ஸ்எம்எல் கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாற்றும் வேலையை உங்கள் கணினியிலேயே சாக்ஸன் போன்ற கருவியில் செய்து, ஹெச்டிஎம்எல்லாக ஏற்றுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு: வேர் உறுப்பின் நேம்ஸ்பேஸ் என்ன, இத்தனை உறுப்பு கிடைத்ததா என்று ஒரு மெசேஜ் வரி போட்டால் டெர்மினலில் கண்ணெதிரே காட்டும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் வெள்ளைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் பத்து வரியையும் சேர்த்து அனுப்புங்கள். சாயங்காலம் நடை போய்விட்டு வந்து பார்க்கிறேன்.