தவிலுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று

ரெக்ஸ்டேலில் எங்கட வீட்டு பேஸ்மென்டில் அப்பாவின் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டு நிற்கின்றன. ஃபாக்டரி ஓவர்டைம் காசில் வாங்கியவை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் கசட்டை அதிலேதான் கேட்பார். போன குளிருக்கு எனக்கொரு ஆசை வந்தது: ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு அம்ப் பூட்டினால் என்ன?

சாதாரணமாக ஒரே அம்ப் முழுச் சத்தத்தையும் அனுப்பும். ஸ்பீக்கருக்குள் இருக்கிற கொயிலும் கெப்பாசிட்டரும் அதைப் பிரிக்கும். தவிலின் கனத்த அடி பெரிய வூஃபருக்கு, தாளத்தின் கிணுகிணுப்பு சின்ன ட்வீட்டருக்கு. அக்டிவ் குரொஸ்ஓவர் இந்தப் பிரிப்பை அம்புக்கு முன்னாலேயே செய்துவிடும். பிறகு வூஃபருக்கு ஒரு அம்ப், ட்வீட்டருக்கு ஒரு அம்ப். ஸ்டீரியோவுக்கு நாலு சனல் வேணும். தவில் ஓங்கி விழுந்து ஒரு அம்ப் திணறினாலும் தாளம் கலங்காது.

பின்பக்கம் நாலு டேர்மினல் உள்ள ஸ்பீக்கர் என்றால், அவற்றை இணைக்கும் தகடுகளைக் கழற்றிவிட்டு இரண்டு அம்ப் பூட்டலாம். கழற்ற மறந்தால் அம்ப் பழுதாகலாம். ஆனால் உள்ளேயிருக்கும் பழைய பிரிப்பு அப்படியே இருக்கும்; அது முழு அக்டிவ் அல்ல. நான் பெட்டியைத் திறந்து அந்தப் பிரிப்பையே கழற்றினேன். அங்கேதான் பிழைவிட்டேன். ட்வீட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கெப்பாசிட்டரும் அதோடு போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மகன் அப்பப்பாவுக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட ஆசைப்பட்டு, முதலில் அம்பையும் பிறகு குரொஸ்ஓவரையும் ஓன் பண்ணிவிட்டான். 'டொம்' எண்டு ஒரு சத்தம். கசட் ஓடியது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, வலப்பக்கம் தாளம் இல்லையடா."

மகன் அழத் தொடங்கினான். "பிழை உன்ர இல்லை ராசா, என்ர" எண்டன்.

அந்த ட்வீட்டர் இப்போது வருவதில்லை. வேறொன்று தேடிப் போட்டேன். இந்த முறை இரண்டு பக்கமும் ட்வீட்டருக்குத் தொடராக 20 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர். 8 ஓம் ட்வீட்டர் என்றால் ஏறக்குறைய 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது படிப்படியாகக் குறைக்கும். நான் பிரிப்பது 2500 ஹேர்ட்ஸில் என்பதால் பாட்டுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. புது ட்வீட்டர் சத்தம் கூட. அதைக் குரொஸ்ஓவரிலேயே குறைக்க முடிந்தது.

நீங்களும் செய்ய நினைத்தால் மூன்று விசயம். ஓன் பண்ணும்போது பாட்டுப் பெட்டி, குரொஸ்ஓவர், கடைசியாக அம்ப். ஓஃப் பண்ணும்போது அம்ப் முதலில். பிள்ளைகளுக்கும் இந்த வரிசையைச் சொல்லிக் கொடுங்கோ. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா அம்மாவின் ஸ்பீக்கரில் கைபழகாதேங்கோ. செக்கன்ஹான்டில் மலிவாக ஒரு சோடி வாங்கிப் பழகுங்கோ.

மகனும் அப்பப்பாவும் இப்பவும் சனிக்கிழமைகளில் கசட் கேட்கிறார்கள். வலப்பக்கத்துத் தாளம் முந்தி மாதிரி இல்லை எண்டுதான் அப்பா சொல்லுறார்.